எங்கள் கம்பெனியில் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வது?

#1 ஒரகடம்வாசி

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். ஒரகடத்தில் எங்களுக்கு ஒரு தொழிற்சாலை. கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம், பிராக்கெட் மாதிரியான பாகங்களை பிரஸ்ஸில் அடித்து, வெல்டிங் போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுக்கிறோம். அப்பா நாலு பிரஸ்ஸோடு ஆரம்பித்தது, இப்போது நிரந்தரத் தொழிலாளர்கள் 212 பேர், கான்ட்ராக்டில் ஒரு 130 பேர். பிளான்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா இன்னும் தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் ஒரு கடிதம். எங்கள் ஆட்கள் 148 பேர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்களாம், பதிவுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டதாம், பேச நேரம் கொடுக்க வேண்டுமாம், கேட்டுக்குப் பக்கத்தில் கொடி ஏற்றப் போகிறார்களாம். கூடவே 19 கோரிக்கைகள். அப்பா முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. "நான் இருக்கிற வரைக்கும் இந்த கேட்டில் கொடி ஏறாது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு கன்சல்டன்ட் வந்தார். அவர் சொன்னது நாலு: முன்னால் நிற்கிற நாலு பேரை புனே குடோனுக்கு மாற்று, நாமே ஆள் பார்த்து ஒரு தொழிலாளர் நலக் குழு போடு, "நான் எந்தச் சங்கத்திலும் இல்லை" என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு, கேட்டில் ஆள் பலம் கூட்டு. இதற்கு அவர் கேட்ட ஃபீஸில் இரண்டு ரோபோ வெல்டிங் செல் வாங்கலாம்.

இதற்கிடையில் கஸ்டமர் கம்பெனியின் பர்ச்சேஸ் தலைவர் போன் போட்டு, "உங்க பக்கம் லேபர் பிரச்சினை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். யாரோ கேட் மீட்டிங்கை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள், கம்பெனி போர்டு பளிச்சென்று தெரிகிறது. 25 வருஷம் சேர்த்த பெயர். என்ன செய்ய? போதனை வேண்டாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 அம்பத்தூர்_லேத்

அப்பா சொல்வதுதான் சரி. முதல் நாள் கொடி, மறுநாள் வாயிற்கூட்டம், அடுத்த மாதம் 'டூல் டவுன்', கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் எதிர் ஷெட்காரர் இப்படித்தான் பேசிப் பேசியே கடைசியில் இடத்தை கல்யாண மண்டபக்காரனுக்கு விற்றார். நம்மை மாதிரி ஆட்களுக்கு மார்ஜின் நாலு பர்சென்ட், கோரிக்கைப் பட்டியலில் 19. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#3 பழைய_எல்ஓ

தம்பி, தொழிலாளர் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சமரச மேசையில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் டீ ஆறிக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்த நாற்காலி எனக்குப் பழக்கம். உங்கள் கன்சல்டன்ட் சொன்ன நாலில் கடைசியைத் தவிர மூன்றும் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிற தப்பு. நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று ஒரு பட்டியலே உண்டு. பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இரண்டாம் அட்டவணை. சங்கத்தில் சேராதே என்று மிரட்டுவது, முதலாளியே ஆதரித்து ஒரு சங்கம் வைப்பது, நிர்வாக வசதி என்ற பெயரில் கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவது, எல்லாம் அதில் இருக்கிறது. அபராதம் பத்தாயிரத்தில் இருந்து இரண்டு லட்சம் வரை. பணம் பெரிதில்லை. நீங்கள் அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிய மறுநாள், அதே காகிதம் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் ஆவணம் ஆகிவிடும்.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்த கதை, சுங்குவார்சத்திரம் சாம்சங். 2024 செப்டம்பர் 9-ல் வெளியே வந்தார்கள், சுமார் 1,800 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆயிரத்துக்கும் மேல். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் விஷயம் இறுகியது சங்கத்தை ஏற்பதில்தான். கம்பெனியின் ஆட்சேபணைகளில் ஒன்று, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று இருக்கக்கூடாது என்பது. வர்த்தக முத்திரையாம். சரி, சட்டத்தில் அதற்கு ஒரு வாதம் இருக்கட்டும். அதனால் நடந்தது என்ன? கம்பெனியின் பெயர் 37 நாள் தலைப்புச் செய்தியில் இருந்தது. அந்தப் பெயரை ஒரு லெட்டர்பேடில் இருந்து எடுக்கத்தான் இவ்வளவும்.

நடுவில் அக்டோபர் 7-ல் சங்கத்தை விட்டுவிட்டு வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஏ.சி. பஸ் எல்லாம் அதில் உண்டு. நல்ல சலுகைகள்தான். ஆனால் போராடுகிறவன் கையில் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்காரன் கையில் கொடுத்தால் வாங்குவானா? போராட்டம் தொடர்ந்தது. அக்டோபர் 15-ல்தான் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, அதுவும் உயர் நீதிமன்றம் வரை போய். பிப்ரவரியில் நிர்வாகிகளை சஸ்பெண்ட் செய்ததில் மறுபடி ஒரு மாதம் தகராறு. கடைசியில் 2025 மே மாதம் அதே சங்கத்தோடு உட்கார்ந்து மூன்று வருஷத்துக்கு 18,000 முதல் 23,000 ரூபாய் வரை ஊதிய உயர்வு ஒப்பந்தம் போட்டார்கள். மே மாதம் போட்ட நாற்காலியை முந்தின வருஷம் ஜூலையிலேயே போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

#4 அம்பத்தூர்_லேத்

சாம்சங் தாங்கும் சார். 340 பேர் கம்பெனி தாங்குமா? நோக்கியா என்ன ஆச்சு?

#5 பழைய_எல்ஓ

நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடியது வரித் தகராறிலும், மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றதிலும். சங்கத்தின் தலையில் அதைக் கட்டாதீர்கள். அங்கே வேலை பார்த்த பெண் பிள்ளைகள் மூடாதே என்றுதான் கெஞ்சினார்கள்.

#6 வக்கீல்_குமாஸ்தா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் கோர்ட்டுக்குக் கிளம்பணும்.

ஒன்று, அந்த நாலு பேரைத் தொடாதீர்கள். சமரசம் நிலுவையில் இருக்கும்போது நிர்வாகிகள் மேல் நடவடிக்கை எடுத்தால் முன் அனுமதி என்று பெரிய வம்பு இருக்கிறது. இரண்டு, 51 சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கத்துக்குத் தனியாகப் பேசும் உரிமை உண்டு. உங்கள் 212-ல் 148 என்றால் கிட்டத்தட்ட 70. தலை எண்ணிக்கையில் நீங்கள் தோற்றாகிவிட்டது. பதிவு எண் வரட்டும் என்று காத்திருந்தாலும் முடிவு இதேதான். மூன்று, இப்போது வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தக் கணக்கு. அதாவது சட்டம் உங்களுக்கும் இரண்டு வாரம் கொடுக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் பேசுங்கள், பவுன்சர் தேடாதீர்கள்.

நாலாவதாக நீங்கள் கேட்காத ஒன்று: 130 கான்ட்ராக்ட். அவர்கள் பிரஸ்ஸிலும் வெல்டிங்கிலும் நிற்கிறார்களா? 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் என்கிற 1981-ம் வருஷத்து தமிழ்நாடு சட்டம் ஞாபகம் இருக்கிறதா? 19 கோரிக்கையில் அது எத்தனாவது?

#7 ஒரகடம்வாசி

ஏழாவது. சம்பளம் மூன்றாவதுதான், இப்போதுதான் கவனித்தேன். முதல் கோரிக்கை "கழிவறை செல்ல அனுமதி முறையை ரத்து செய்ய வேண்டும்". எங்களிடம் அப்படி ஒரு முறையே இல்லை. ஏதோ பொது மாதிரிக் கடிதத்தில் ஊர் பேரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் போல.

#8 கேட்_மீட்டிங்

முதலாளி சார், வணக்கம். நான் உங்கள் பக்கத்துப் பேட்டையில் வெல்டர், சங்கத்தில் பொருளாளர். மாதிரிக் கடிதம் எல்லாம் இல்லை. அந்த வரியை எழுதினவன் வயிறு கலங்கி எழுதியிருப்பான்.

எங்கள் கம்பெனியில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். லைனில் 42 பேர். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் பழைய பேரிங் வளையம் ஒன்று, சிவப்புத் துணி சுற்றியிருக்கும். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், வந்து திரும்ப மாட்டினால்தான் அடுத்தவன் போகலாம். 42 பேருக்கு ஒரு வளையம். எம்.டி.க்குத் தெரியாது, அவருக்கு லைன் எஃபிஷியன்சி 91 பர்சென்ட் என்று எக்செல்லில் போகும். சுகர் இருக்கிற ஓர் அண்ணன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார், ஒரு நாள் ஸ்பாட் கன்னோடு சரிந்தார். அன்று சாயந்திரம் டீக்கடையில் பதினோரு பேர் உட்கார்ந்தோம். எங்கள் சங்கம் பிறந்தது அங்கேதான். செங்கொடி அப்புறம் வந்தது, யாரை அழைப்பது என்று தேடினபோது.

வெளியாள் வந்து தூண்டிவிட்டான் என்று எல்லா முதலாளியும் சொல்வார்கள். வளையத்தை மாட்டினது யார் சார், வெளியாளா?

நாளைக்கு நீங்களே போய் லைனில் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரி ஷிப்டுக்கு.

#9 அம்பத்தூர்_லேத்

டாய்லெட்டுக்குப் போய் அரை மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறவனை என்ன செய்வதாம்?

#10 கேட்_மீட்டிங்

அந்த ஒருத்தனைக் கூப்பிட்டு மெமோ கொடுங்கள் அண்ணே, நாங்கள் குறுக்கே வர மாட்டோம். ஒருத்தன் பார்த்த ரீல்ஸுக்கு 41 பேர் மூத்திரத்தை அடக்கச் சொல்வதுதான் தகராறு.

#11 மூணாவது_ஷிப்ட்

நான் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில் நாலு வருஷம் இருந்தேன், விடுதியில் தங்கி. பெயர் கெட்டுப்போவது எப்படி என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2021 டிசம்பர், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் விஷயம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பூந்தமல்லி பக்கம் விடுதியில் சாப்பாடு கெட்டு 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில். அதற்கப்புறம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க பெண்கள் உட்கார்ந்தார்கள். நான் அந்தக் கம்பெனி இல்லை, ஆனால் எங்கள் விடுதி முழுக்க அன்று தூங்கவில்லை, எல்லார் கையிலும் போன். சாப்பாடு மோசம் என்பது யாருக்கும் புதிது இல்லை. ரோட்டுக்கு வரவைத்தது வேறு. அட்மிட் ஆன தோழிகள் எந்த ஆஸ்பத்திரியில், எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால் வாட்ஸ்அப் பேசும், அவ்வளவுதான்.

அங்கே அப்போது சங்கம் இல்லை. அதையும் கவனியுங்கள். பேசக் கூப்பிட ஒரு பிரதிநிதிகூட இல்லாமல் கலெக்டரும் போலீசும் ரோட்டில் நின்று யாரிடம் பேசுவது என்று தேடினார்கள். அந்த மாதக் கடைசியில் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, விடுதியும் சாப்பாட்டு அறையும் தன் தரத்துக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆலை ஜனவரி நடுவரை மூடிக்கிடந்தது.

எங்கள் விடுதி வார்டன் மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒரு போன் நம்பர் எழுதிப் போட்டார். எழுதினது எங்கள் கம்பெனி இல்லை, வார்டன்தான், தன் கைக்காசில் மார்க்கர் வாங்கி.

#12 செய்தி_வாலா

பத்து வருஷம் நிருபர், இப்போது கம்பெனிகளுக்கு மக்கள் தொடர்பு. ஒரகடம்வாசி, உங்கள் கஸ்டமர் போன் போட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? "அப்படி எதுவும் இல்லை சார்" என்றீர்களா? அப்படியானால் இன்று சாயந்திரத்துக்குள் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். கஸ்டமருக்குச் சங்கம் புதிதில்லை, அவர் பிளான்டிலேயே இருக்கும். அவர் பயப்படுவது லைன் நின்றுவிடுமோ என்பதற்கு. "சங்கம் பதிவுக்குப் போயிருக்கிறது, நாங்கள் பேசப் போகிறோம், இத்தனை நாள் ஸ்டாக் கையில் இருக்கிறது" என்று மூன்று வரி. வேறு வழியில் தெரிய வந்தால்தான் மானம் போகும்.

பத்திரிகைக்காரன் கேட்டால்: ஒருத்தர் மட்டும் பேசுங்கள். "சங்கம் அமைப்பது அவர்கள் உரிமை, பேசிக்கொண்டிருக்கிறோம்." அதோடு நிறுத்துங்கள். "சில விஷமிகள்", "வெளிச்சக்திகள்" என்று ஆரம்பித்தால் என்னைப் போன்ற ஆளுக்கு அன்றைக்குத் தலைப்பு கிடைத்துவிடும். நான் நிருபராக இருந்தபோது அந்த இரண்டு வார்த்தைக்காகவே எம்.டி.க்களுக்கு போன் போடுவேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதோடு, வெளியாள் கொஞ்சம் பேர் நிர்வாகியாக இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது.

அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி யாருக்கும் நோட்டீஸ் விடாதீர்கள். இப்போது எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், எண்ணூறு? நோட்டீஸ் விட்டால் எண்பதாயிரம்.

#13 அம்பத்தூர்_லேத்

எல்லாரும் சேர்ந்து அவரைக் காலில் விழச் சொல்கிறீர்கள். நான் ஒரு நடைமுறை யோசனை சொல்கிறேன், தலைவன்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுங்கள். நடக்காததா?

#14 பழைய_எல்ஓ

நடந்ததுதான். மானேசர் மாருதியில் 2011-ல் முதலில் நன்னடத்தைப் பத்திரம் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே. ஒரு மாதத்துக்கு மேல் ஆலை முடங்கியது. அந்த வருஷக் கடைசியில் முன்னணியில் இருந்த சுமார் 30 பேர் பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனார்கள். நிர்வாகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். அடுத்த வருஷம் புதுச் சங்கம், புதுத் தலைமை, பழையவர்களைவிடக் கோபக்காரர்கள், நிர்வாகம் சொல்லும் எதையும் நம்பாதவர்கள். 2012 ஜூலை 18-ல் தீ வைப்பில் ஒரு மனிதவள அதிகாரி இறந்தார். 546 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், 13 பேருக்கு ஆயுள் தண்டனை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. அந்த மனிதர் வீட்டில் இழந்ததற்கும் ஈடு கிடையாது. நான் சொல்வது ஒன்றுதான்: பேசத் தெரிந்த தலைவனை விலைக்கு வாங்கி அனுப்பினால், அடுத்து வருகிறவன் பேச வர மாட்டான்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. பெரம்பூர் பின்னி மில்லில் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தபோது, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. சோற்றுக்குப் பத்து நிமிஷம் கூடக் கேட்டார்கள். சங்கத்தின் முதல் தலைவரான வாடியா, திரு.வி.க. எல்லாம் அந்தக் குறைகளைக் கேட்டு வந்தவர்கள். 1920-ல் மில் நிர்வாகம் வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு தடை வாங்கியது. வழக்கில் ஜெயித்தது மில். ஆனால் அந்தத் தடை கிளப்பிய கூச்சல்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி போட்டது. கேஸில் ஜெயித்து, நாடு முழுக்கச் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்த முதலாளி என்று பின்னியைத்தான் சொல்ல வேண்டும்.

#15 திருப்பூர்_பனியன்

எக்ஸ்போர்ட் ஆள் பேசுகிறேன். எங்களுக்கு பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனியின் சோதனை வரும், பெயின்ட் அடிப்போம், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைப்போம், சர்டிபிகேட் கிடைக்கும். அதை நம்பி உட்கார்ந்த எல்லாருக்கும் திண்டுக்கல் ஒரு அடி.

2021 ஜனவரியில் அங்கே நாச்சி அப்பேரல் என்கிற ஆடை ஆலைத் தொழிலாளி ஒரு பெண் கொலை செய்யப்பட்டார், மேற்பார்வையாளர் மேல் குற்றச்சாட்டு. உலகப் பத்திரிகை முழுக்க வந்தது. ஆடிட் அறிக்கை எதுவும் உதவவில்லை. 2022 ஏப்ரலில் கம்பெனியும், பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், பையரான எச் அண்ட் எம்மும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஷாப் ஃப்ளோரில் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளிகளே கண்காணிப்பது, புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது, இப்படி. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்க சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், தடை நீங்கியது. இந்த மாதிரித் தடை இவ்வளவு சீக்கிரம் நீங்குவது அபூர்வம். ஒப்பந்தம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்லச் சங்கமே இருந்தது. "நாங்கள் திருந்திவிட்டோம்" என்று நான் சொன்னால் எந்த பையர் நம்புவான்? அதையே சங்கம் சொன்னால் நம்புவான்.

எங்கள் யூனிட்டில் சங்கம் இல்லை. இருந்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடிட்டருக்காகப் பஞ்சு மாற்றுவதை விட்டுவிட்டேன்.

#16 ஒரகடம்வாசி

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

கேட்_மீட்டிங் சொன்னபடி வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு யாருக்கும் சொல்லாமல் போனேன். செக்யூரிட்டி பதறிப்போய் லைனுக்கு போன் அடிக்கப் பார்த்தான், தடுத்தேன். வெல்டிங் இரண்டாவது லைன், கம்ப்ரெசர் தூணில் ஒரு கொக்கி. அதில் லேமினேட் செய்த ஓர் அட்டை, "அவுட் பாஸ் - 1" என்று எங்கள் லோகோவோடு, கயிறு கிரீஸில் கறுத்துப்போய் தடித்திருக்கிறது. லோகோ போட்டு அச்சடித்திருக்கிறோம்! பின்பக்கம் திருப்பினால் ஷிப்டுக்கு மூன்று முறை என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. கேட்டால், இரண்டு வருஷம் முன்னால் புரொடக்ஷன் மேனேஜர் கொண்டுவந்த 'மேம்பாட்டு' யோசனையாம், அதற்கு நான்தான் கைசன் பரிசு கொடுத்திருக்கிறேன். போட்டோவே இருக்கிறது.

அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் லைனில் நின்ற ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. வெல்டிங் ஷீல்டை இறக்கிக்கொண்டான்.

அப்புறம் கான்ட்ராக்ட் கணக்கைத் தோண்டினேன். நாங்கள் ஓவர்டைமுக்கு (ஓ.டி.) இரட்டிப்புத்தான் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறோம். ஆட்களுக்குப் போவது ஒற்றை. மிச்சம் யார் பையில் என்று சொல்ல வேண்டியதில்லை. கேன்டீன் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது, நான் அங்கே கடைசியாகச் சாப்பிட்டது ஆயுத பூஜைக்கு.

கஸ்டமருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "ஓ, அவ்வளவுதானா" என்றார். பதினைந்து நாள் ஸ்டாக் ஏற்றச் சொன்னார். கன்சல்டன்டை நிறுத்தியாகிவிட்டது. அப்பாதான் மிச்சம்.

#17 வக்கீல்_குமாஸ்தா

ஓ.டி. பாக்கியை முதன்மை முதலாளி என்ற முறையில் நீங்கள் கொடுத்துவிட்டு கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வருவதற்கு முன்பே கொடுங்கள். கோரிக்கையாக வந்த பிறகு கொடுத்தால் அது அவர்கள் வெற்றி, முன்னால் கொடுத்தால் உங்கள் நேர்மை. தொகை ஒன்றுதான்.

#18 கேட்_மீட்டிங்

வக்கீல் சார் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் நல்ல யோசனைதான். சார், அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். "இது எனக்குத் தெரியாமல் இருந்தது, அது என் தப்பு" என்று ஒரு வார்த்தை. எங்கள் எம்.டி. அதைச் சொல்ல ஒன்பது மாதம் ஆனது, அதற்குள் இரண்டு பக்கமும் நிறைய இழந்துவிட்டோம். எங்கள் பக்கமும் தப்பு உண்டு, ஒரு சூப்பர்வைசரைச் சுற்றி நின்று கத்தினோம். அவருக்கும் பி.பி. இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

#19 அம்பத்தூர்_லேத்

ஓ.டி. விஷயம் படித்துவிட்டு என் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சம்பள ரெஜிஸ்டர் கேட்டேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான். இது மூன்றாவது நாளைக்கு.

#20 பழைய_எல்ஓ

வர மாட்டான். நீங்களே நாலு ஆட்களிடம் பேங்க் மெசேஜைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஒரகடம்வாசி, அப்பா விஷயத்துக்கு: பெரியவரைச் சங்கத் தலைவரோடு முதலில் உட்கார வைக்காதீர்கள். அவர் கையால் வேலைக்குச் சேர்த்த பழைய ஆள் யாராவது 148-ல் இருப்பார். அவரிடம் கோரிக்கைக் கடிதத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் முதலாளிகளுக்குக் கடிதம் பிடிக்காது, மொழி பிடிக்காது. "கோருகிறோம், வலியுறுத்துகிறோம், எச்சரிக்கிறோம்." தெரிந்த குரலில் கேட்டால் அதே விஷயம் வேறாக இருக்கும்.

#21 ஒரகடம்வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எத்தனை பேர் இன்னும் தொடர்கிறீர்களோ தெரியாது.

எல்ஓ ஐயா சொன்ன மாதிரியே செய்தேன். டூல் ரூமில் ஒருவர் இருக்கிறார், அப்பாவோடு முதல் பிரஸ்ஸை லாரியில் இருந்து இறக்கியவர். 148-ல் அவர் பெயர் ஒன்பதாவது. அப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்து, "உன் கேன்டீன்காரனை மாத்து" என்றார். என் கேன்டீன்காரன் இல்லை, அவர் மச்சினர் பையன். அதையும் சொல்லவில்லை, மாற்றிவிட்டேன், வீட்டில் இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பேச்சுவார்த்தை இரண்டு சுற்று முடிந்தது. அட்டையை மேசையில் வைத்தேன். எதிரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சங்கத் தலைவர் மட்டும் அதை எடுத்துப் பின்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஓ.டி. பாக்கி கொடுத்தாகிவிட்டது. 19-ல் எட்டு முடிந்தது, மூன்றை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். சம்பளத்தில் இடைவெளி பெரிது, அவர்கள் 9,000, நாங்கள் 4,200. கான்ட்ராக்ட் நிரந்தரம் அதைவிடப் பெரிது, அதில் வக்கீல் வேண்டும், கசப்பும் வரும் என்று தெரிகிறது. வியாழக்கிழமை மூன்றாவது சுற்று. எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன், போன வாரம் ஒரு ஷிப்ட் கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள். கஸ்டமருக்கு அதையும் நானே சொன்னேன்.

#22 அம்பத்தூர்_லேத்

கொடி என்ன ஆச்சு?

#23 ஒரகடம்வாசி

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டது. காம்பவுண்டுக்குள் இல்லை, கேட்டில் இருந்து பத்தடி தள்ளி ரோட்டோரம். குழி தோண்ட ஃபோர்க்லிப்டும் டிரில்லும் கேட்டு டூல் ரூம் பெரியவர் வந்தார். கம்பெனி மெஷின் கொடுக்க முடியாது என்று அப்பா ஒரே பிடி. அப்புறம் தன் கார் டிக்கியைத் திறந்து கடப்பாறையை எடுத்துக் கொடுத்தார். சாயந்திரம் திரும்பி வந்ததா என்று இரண்டு தடவை செக்யூரிட்டியிடம் கேட்டார்.